வண்டி எங்கீங்க நிறுத்துவீங்க?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் அம்மாவுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு பெர்லினுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வீடு கிடைத்துவிட்டது, குடியும் வைத்தாயிற்று. ஆனாலும் ஒரு கேள்வி இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அம்மா கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஊரில் தனியாக இருந்தார். காட்டைக் குத்தகைக்கு விட்டாயிற்று. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் யாரையாவது வண்டி எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நடை இன்னும் திடமாகத்தான் இருக்கிறது. அதனால் மருந்துக்கடை, கோயில், காய்கறி எல்லாம் கால்நடையில் முடிகிற இடம் வேண்டும் என்று நினைத்தேன். கோவையில் அதற்கு ஆர்.எஸ்.புரத்தை விட்டால் வேறு எது? நேர் நேரான தெருக்கள், உழவர் சந்தை, பூ மார்க்கெட், டி.பி. ரோட்டில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் போட்ட அகலமான நடைபாதை.

புரோக்கர் காட்டிய முதல் வீடே பிடித்துவிட்டது. கீழ்வீடு, கிழக்குப் பார்த்த வாசல், வாடகை 18,000. வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். சொந்த ஊர் எது என்றார், சொன்னேன். குலதெய்வம் எந்தக் கோயில் என்றார். அது எதற்கான கேள்வி என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் பதில் சொன்னேன். (பெர்லினில் மூன்று மாதச் சம்பளச் சீட்டும், கடன் பாக்கி இல்லை என்று காட்ட ஷூஃபா என்றொரு காகிதமும் கேட்பார்கள். பாட்டன் கும்பிட்ட சாமியைக் கேட்பதில்லை. பெயரைப் பார்த்ததுமே பதில் போடாமல் விடுவது அங்கேயும் உண்டு, அது வேறு கதை.) அப்புறம்தான் வந்தது அந்தக் கேள்வி.

"வண்டி எங்கீங்க தம்பி நிறுத்துவீங்க? கேட்டுக்குள்ள ஒரு காருக்குத்தான் இடம்."

"வண்டி இல்லீங்க."

"காரு இல்லீன்னா பரவால்லீங்க. பைக்கு?"

"அதுவும் இல்லீங்க. அம்மா நடந்தே போய்க்குவாங்க."

"நீங்க?"

"அங்க நானும் நடைதானுங்க. தூரம்னா ரயிலு."

அந்த அம்மா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "பன்னெண்டு வருசமா வெளிநாட்ல இருக்கறீங்க, ஒரு காரு கூடவா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளிநாடு என்பதே பொய்யோ என்ற சந்தேகம் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து புரோக்கர் போன் செய்தார். அவர்களுடைய சொந்தக்காரர்களே குடிவருகிறார்களாம். விடாமல் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. "வண்டி வாசல் இல்லாதவிங்க வாடகைய ஒழுங்காக் குடுப்பாங்களான்னு யோசிக்கறாங்க சார்." பெர்லினில் என் மேலதிகாரி பனிக்காலத்திலும் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார். அவருக்கும் ஆர்.எஸ்.புரத்தில் வீடு கிடைக்காது. எல்லா வீட்டையும் "நடக்கற தூரந்தானுங்க" என்று சொல்லிக் காட்டிய இந்த புரோக்கர், அடுத்த தெருவுக்கே பைக்கில்தான் வந்தார். அம்மாவும் என் பக்கம் இல்லை. "வெறுங்கையோட போயி நின்னா அப்படித்தான் நெனப்பாங்க" என்றார்.

அட்வான்ஸ் கதை சுருக்கமாக. 2019 முதல் அமலில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்ற சந்தும் அதிலேயே இருக்கிறது. ஜெர்மனியிலும் மூன்று மாதம்தான், அதையும் மூன்று தவணையில் கட்டலாம். இதைச் சொன்னதும் புரோக்கர் சிரித்தார். பத்து மாத வாடகை என்று ஆரம்பித்த பேச்சு ஆறில் நின்றது.

இரண்டாவது வீட்டுக்கு மச்சான் கூட வந்தார். "நீங்க வாயத் தொறக்காம வாங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, தன் பழைய ஸ்கூட்டரைக் கொண்டுவந்து கேட் முன்னால் நிறுத்தினார். ஊர், கோயில், வண்டி. மூன்றாவது கேள்விக்கு மச்சான் கையை நீட்டி, "அதா நிக்குதுங்களே" என்றார். பத்து நிமிடத்தில் வீடு முடிந்தது. ஆடி மாதம் என்பதால் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஆவணி பிறந்துதான் பால் காய்ச்சினோம்.

அன்று குழாயில் சிறுவாணித் தண்ணீரை சொம்பில் பிடித்து அண்ணாந்து குடித்தேன். பெர்லின் தண்ணீரில் சுண்ணாம்பு. கெட்டிலில் வெள்ளையாகப் படியும். ஆர்.எஸ்.புரம் எந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரில் இருக்கிறதோ, அவர் நகராட்சித் தலைவராக இருந்து கொண்டுவர உழைத்த தண்ணீர் இது. அவருடைய திவான் பகதூர் பட்டம்தான் டி.பி. ரோடு. அந்த ஒரு சொம்புக்காக எல்லாரையும் மன்னித்துவிடலாம் என்றிருந்தது. மறுநாள் காலை அம்மாவோடு சந்தைக்கு நடந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. டி.பி. ரோட்டைத் தாண்டி உள்தெருவுக்குள் நுழைந்தால் நடைபாதை மேலேயே கார், அதற்கடுத்து டிரான்ஸ்பார்மர், அதற்கடுத்து கேட்டுக்கு ஏறும் சாய்வு. அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நடுரோட்டில் நடந்தார்.

ஸ்கூட்டர் அங்கேயேதான் நிற்கிறது. அதை எடுக்க வேண்டாமென்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். பேட்டரி இறங்கிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தார். வண்டி மழையில் நனைகிறது, ஒரு கவர் போடச் சொல்லி வீட்டுக்காரம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாராம்.

"பக்கத்துலயே கிடைக்கும்மா. நடந்து போயி வாங்கிக்க" என்றேன்.