ஃபுல் த்ரஸ்ட்: எட்டு வருடத்தில் என் கப்பல் தேர்வு மாறிய கதை

ஆரம்பத்தில் எனக்குப் பெரிய கப்பல் மோகம். கப்பல் வாங்கக் கையில் இருக்கும் பாயிண்டில் பாதியை ஒரே போர்க்கப்பலில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் என்ன வருமோ அதை வாங்குவேன். இப்போது நடுத்தர அளவுக் கப்பலான குரூசரிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறேன்.

புதியவர்களுக்கு: ஃபுல் த்ரஸ்ட் என்பது மினியேச்சர் கப்பல்களை மேசையில் வைத்து ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டு. இரண்டாம் பதிப்பு 1992-ல் வந்தது. இரு தரப்பும் நகர்வை ரகசியமாக எழுதிவைத்து, ஒரே நேரத்தில் கப்பல்களை நகர்த்த வேண்டும். போன டர்னில் (சுற்றில்) இருந்த வேகம் அப்படியே தொடரும். கடிகாரம் போல 12 திசைகள். த்ரஸ்ட் என்பது கப்பல் எஞ்சினின் உந்துதிறன்; அதில் பாதியைத்தான் திரும்புவதற்குச் செலவிடலாம்.

என் மனத்தை மாற்றியது அந்தப் 'பாதி'தான். த்ரஸ்ட் 2 உள்ள கப்பல் ஒரு டர்னில் 30 டிகிரிதான் திரும்பும். எதிரி அணியை ஒருமுறை தாண்டிப் போய்விட்டால், முகத்தை முழுக்கத் திருப்ப ஆறு டர்ன் ஆகும். எனக்கு அப்படி நடந்தபோது, கப்பல் திரும்பி முடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. த்ரஸ்ட் 4 என்றால் மூன்று டர்ன், 6 என்றால் இரண்டே டர்ன். அதைவிட முக்கியமான விஷயம், த்ரஸ்ட் குறைந்த கப்பல் எங்கே வந்து நிற்கும் என்பதை எதிராளி யோசிக்கவே வேண்டாம். நாம் எழுதுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது ஆயுதம். 36 அலகு தூரம் எட்டும் மூன்றாம் வகை பீமை (கதிர் ஆயுதத்தை) பார்த்தாலே ஆசை வரும். ஒரே வளைவில், அதாவது ஒரே திசைப் பகுதியில், சுடும்படி பொருத்தினால் கப்பலில் அது எடுத்துக்கொள்ளும் நிறை 4. அதே 4 நிறைக்கு, மூன்று வளைவுகளில் சுடும் இரண்டாம் வகை பீம் இரண்டு வைக்கலாம். 12 அலகுக்குள் சுடும்போது மூன்றாம் வகைக்கு 3 பகடை உருட்டலாம், என் ஜோடிக்கு 4. 12-லிருந்து 24 வரை இரண்டுக்கும் 2. அதற்கு அப்பால் உள்ள ஒரே ஒரு பகடைக்காகச் சுடும் கோணத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய கப்பலுக்கும் நியாயம் இருக்கிறது. கப்பல் வாங்கும் அடியைக் குறிக்கும் சேதக் கட்டங்களில் ஒரு வரிசை முழுதாக அழிந்தால்தான் கருவிகள் பழுதாகுமா என்று உருட்டிப் பார்க்க வேண்டும்: முதல் வரிசைக்கு 6 விழுந்தால் பழுது, இரண்டாவதற்கு 5, 6. பெரிய கப்பலின் வரிசை நீளம் என்பதால் அந்த நேரம் தாமதமாகத்தான் வரும். நேருக்கு நேர் மோதி நிற்கும் ஆட்டத்தில் அது பெரிய பலம்.

ஃபைட்டர் (சிறு போர் விமானம்) விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரு குழுவில் 6 ஃபைட்டர். அவற்றைச் சுடும் தற்காப்பு ஆயுதமான பிடிஎஸ் ஒன்று, பகடையில் 4, 5 விழுந்தால் ஒன்றை வீழ்த்தும், 6-க்கு இரண்டு. சராசரி ஒன்றைக்கூடத் தொடாது. ஒருவர் ஃபைட்டர்களைச் சுமக்கும் கேரியர்களாகக் கொண்டுவந்து நிறுத்தினால் சாதாரண அணி தாங்காது. எத்தனை குழு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். இதனால்தான் எஸ்கார்ட் (பாதுகாப்பு) குரூசர் இல்லாமல் நான் மேசைக்குப் போவதில்லை. அதில் உள்ளது போல ஏடிஎஃப்சி என்ற கருவி பொருத்திய கப்பல், 6 அலகுக்குள் இருக்கும் தோழமைக் கப்பலுக்காகவும் தன் பிடிஎஸ்ஸைச் சுடும்.

சால்வோ ஏவுகணை (கொத்தாக ஏவப்படுவது), விழுந்த இடத்திலிருந்து 6 அலகுக்குள் அருகில் இருக்கும் எதிரிக் கப்பலைத்தான் தாக்கும். ஆகவே ஃபிரிகேட் என்ற மலிவான சிறு கப்பலை முன்னால் ஓடவிட்டு அடியை வாங்கவைக்கலாம். விதிப்படி சரிதான். ஆனால் உள்ளே இருக்கும் மாலுமிகளை நினைத்தால் எனக்கு உறுத்தும்; அப்படி அடி வாங்கவைப்பதற்கென்று ஃபிரிகேட் வாங்குவதை விட்டுவிட்டேன். பின்வாங்கும் எதிரியைத் துரத்த மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போது 1,500 பாயிண்டுக்கு என் அணி: த்ரஸ்ட் 4 குரூசர் நான்கு, எஸ்கார்ட் குரூசர் ஒன்று, த்ரஸ்ட் 6 ஃபிரிகேட் மூன்று. அடுத்து ஒரு குரூசரின் ஸ்கிரீனை (தற்காப்புக் கவசத்தை) கழற்றிவிட்டு, அந்த நிறையில் இன்னும் பிடிஎஸ் வைத்து ஆடிப் பார்க்கப்போகிறேன்.