வகுப்புத் தோழர்களின் சேதிக்கு வாட்ஸ்அப் குழு போதுமா?

படிப்பு முடிந்த நாலைந்து வருஷத்தில் கல்யாணப் பத்திரிகை, வேலை மாற்றம், குழந்தை பிறந்த சேதி எல்லாம் வந்து சேரும் இடம் வாட்ஸ்அப் குழுதான். 1024 பேர் வரை சேரலாம். மொத்த டிபார்ட்மென்டுக்கே தாராளம்.

சட்டென்று சேதி சொல்ல இதைப்போல் வேறொன்று இல்லை. சேர்த்து வைக்கத்தான் லாயக்கில்லை. மார்ச்சில் வந்த பத்திரிகை ஜூனில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். அதை ‘பின்’ (pin) செய்தாலும் அதிகபட்சம் 30 நாள்தான் மேலே நிற்கும்.

பெரிய ஓட்டை, நம்பர் மாற்றம். வெளிநாடு போனவர் புது சிம்மில் புதிதாகக் கணக்கு தொடங்கினால் குழுவில் பழைய நம்பரே கிடக்கும். ரத்தான நம்பரை இந்தியாவில் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குப் போய் நம்பரை மாற்றினால் குழுக்கள் கூடவே வரும். இந்த வழியைக் குழு விவரத்திலேயே எழுதி வையுங்கள்.

சேதியும் நம்பரும் இப்படித் தொலைந்து போவதால் குழுவோடு கூடவே ஒரு கூகுள் ஷீட் அவசியம்: பெயர், ஊர், வேலை, மின்னஞ்சல், திருத்திய தேதி. எல்லாருக்கும் திருத்தும் அனுமதி கொடுக்க வேண்டாம். யாராவது ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தினால் ஒருவர் பெயருக்கு நேரே இன்னொருவர் ஊர் வந்து நிற்கும். கூகுள் ஃபார்மில் விவரம் வாங்கி, இருவர் மட்டும் ஷீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். பழைய வகுப்புப் படங்களை டாக்குமென்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.