ஜிர்கோனியா அபட்மெண்டுக்கு வைர ரப்பர் செட்: ஈறுக்குக் கீழே எது உதவும்?

சிங்கப்பூரில் பல் லேப் சாமான் விற்கிறவர்களிடம் ஜிர்கோனியா (பல் வேலைக்கான கடினமான செராமிக்) பாலிஷிங் செட் கேட்டால் பெரும்பாலும் மூன்று படியாகத்தான் வரும்: வைரத்தூள் கலந்த சொரசொரப்பான சிலிக்கோன் ரப்பர், அதைவிட மென்மையான ரப்பர், கடைசியில் பிரஷும் வைரப் பேஸ்டும். பிராண்டுக்குப் பிராண்டு நிறம் மாறும், அமைப்பு ஒன்றுதான். 9% ஜிஎஸ்டியும் சேர்த்து முழு செட்டுக்குக் காசு கொடுக்கலாமா என்பது எந்த வேலைக்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கிரவுன் என்னும் பல் உறையின் கடிக்கும் பரப்புக்கு மூன்று படியும் வேண்டும். அங்கே நன்றாகப் பாலிஷ் ஆன ஜிர்கோனியாதான் எதிர்ப்பல்லின் எனாமலைக் குறைவாகத் தேய்க்கிறது. அபட்மெண்ட் என்பது எலும்பில் பதித்த இம்ப்ளாண்டையும் (செயற்கை வேர்) மேலே வரும் கிரவுனையும் இணைக்கும் துண்டு. ஈறுக்குள் இறங்கும் அதன் கழுத்தின் கணக்கு வேறு. அங்கே ஈறின் மேல்தோலான எபிதீலிய செல்கள் ஹெமிடெஸ்மோசோம் என்னும் நுண்ணிய பிடிப்புகளால் பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு அடியில் உள்ள கொலாஜன் நார்கள் இயற்கைப் பல்லின் வேரில் பதிவதுபோல அபட்மெண்டில் பதிவதில்லை. அதையொட்டியும் சுற்றியுமே போகின்றன. இப்படி இளகிய பிடிப்பை ஒரு சொரசொரப்பான வரியும் அதில் தங்கும் பாக்டீரியாவும் எளிதில் கெடுத்துவிடும்.

இதற்கு எல்லைக்கோடாகச் சொல்லப்படுவது சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரான். லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் முன்வைத்த அளவு இது: மேலே போனால் பாக்டீரியாப் படலம் கூடுகிறது, கீழே இறக்கினால் குறிப்பிடும்படி மேலும் குறைவதில்லை. நல்ல செட்டில் இரண்டாவது ரப்பரே இந்த அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். அதனால் ஈறுக்குக் கீழே பிரஷ், பேஸ்ட் படி வீண் செலவு என்பதே எங்கள் தீர்ப்பு. பேஸ்ட் பள்ளங்களில் சிக்கிக்கொண்டால் அதை எடுப்பது தனி வேலை.

முதல் ரப்பரை அவசரமாகக் கடப்பதுதான் வழக்கமான கோளாறு. பர் (சுழலும் அரைக்கும் முனை) போட்ட கோடுகள் முழுதும் போவதற்குள் இரண்டாவதுக்கு மாறினால் மேடுகள் மட்டும் பளபளக்கும், கோடுகள் அப்படியே இருக்கும். வெறும் கண்ணுக்கு எல்லாம் மின்னும். மென்மையான பென்சிலால் கழுத்தைச் சுற்றித் தேய்த்து, துடைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கருப்பு தங்கிய இடமெல்லாம் இன்னும் வேலை பாக்கி. வேகம் பெட்டியில் அச்சிட்ட அளவுக்கு மேல் போகக் கூடாது, அழுத்தமும் லேசாக. ஜிர்கோனியா வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ஒரே இடத்தில் அழுத்தினால் ரப்பர் கருகி ஒட்டும், பரப்பில் நுண்விரிசலும் விழலாம்.

செட்டில் நமக்குப் பிடிக்காதது வடிவம். சக்கரமும் கப்பும் கழுத்தின் உட்குழிவுக்குள் போகாது, விளிம்பால் அலை அலையாகத் தடம் போடும். அங்கே தீச்சுடர் வடிவ ரப்பர்தான் சரி. பல செட்டுகளில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும், முதலில் தேய்வதும் அதுவே. டைட்டானியம் பேஸ் (ஜிர்கோனியாவை மேலே ஒட்டும் உலோக அடித்துண்டு) உள்ள வேலையில் அனலாகை (இம்ப்ளாண்டின் லேப் நகல்) திருகி வைத்துவிட்டுப் பாலிஷ் செய்யுங்கள், இல்லாவிட்டால் இம்ப்ளாண்டில் உட்காரும் விளிம்பு மழுங்கிவிடும். ஒட்டுவதற்காக ஜிர்கோனியாவின் உள்பக்கம் 50 மைக்ரான் அலுமினாத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கும்போது கழுத்தை மெழுகால் மூடுங்கள். ஒட்டிய பிறகு சிமெண்ட் கோட்டை இரண்டாவது ரப்பரால் மட்டும் தொடலாம்.

“கிளேஸ் போட்டால் போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஈறுக்குக் கீழே வேண்டாம். கிளேஸ் என்பது கண்ணாடிப் பூச்சு. நாளாவட்டத்தில் தேய்ந்தால் அடியில் பாலிஷ் ஆகாத ஜிர்கோனியா வெளிப்படும். 1998-ல் வெளியான ஒரு நாய் ஆய்வில் டைட்டானியத்திலும் அலுமினா செராமிக்கிலும் ஈறு பிடித்தது. பல் போர்சிலினிலும் தங்கக் கலவையிலும் சரியாகப் பிடிக்கவில்லை, ஈறு இறங்கியது, எலும்பும் கரைந்தது. கிளேஸும் போர்சிலின் குடும்பம் என்பதால் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

பாலிஷ் முடிந்ததும் ஸ்டீமரால் மட்டும் அடித்து அனுப்பிவிடாதீர்கள். ரப்பர் துகளும் கை எண்ணெயும் போக அல்ட்ராசோனிக் குளியல் தேவை. அதன்பின் கழுத்தைக் கையால் தொடாமல் உறையில் போட்டு, கிளினிக்கில் ஸ்டெரிலைஸ் செய்யச் சொல்லி அனுப்புங்கள்.

அபட்மெண்ட் வேலை அதிகமாக வரும் லேப் முழு செட் வாங்க வேண்டாம். முதல் இரண்டு படியின் தீச்சுடர் வடிவத்தைத் தனியாக ரீஃபில் பாக்கெட்டில் வாங்குங்கள். கடைக்காரர் செட்டாகத்தான் தருவேன் என்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.