ஆளுக்கு ஒரு வாக்கு: திருகோணமலையில் ஒரு கடனுதவுச் சங்கம்

கடற்றொழில் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் இந்தச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் பலம் வட்டி வீதத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் நெசவாளரும் தொழிலாளரும் தொடங்கிய சங்கம் பரப்பிய வழக்கம் இது. மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டியும் கரைவலை இழுக்கப் போகிறவரும் பொதுக்கூட்டத்தில் சமம்.

கடன் விதிகளும் அப்படியே. காணி உறுதி கேட்பதில்லை, அங்கத்தவர் இருவர் பிணை நின்றால் போதும். கடல் கொந்தளிக்கும் மாரியில் வட்டி மட்டும் கட்டலாம். கடல் அடங்கியதும் முதல் கழியும். எந்த வங்கி இப்படி யோசிக்கும்?

சறுக்குவது பிணையில்தான். ஒரே படகில் போகும் இருவர் மாறி மாறிப் பிணை நிற்கிறார்கள். இயந்திரம் பழுதானால் இரண்டு கடனும் சேர்ந்தே நிற்கும். வேறு தொழில் செய்கிற ஒருவராவது பிணையில் இருக்க வேண்டும் என்று விதி போடலாம்.

இன்னொரு குறை: காசு வாங்குபவரே பற்றுச்சீட்டும் எழுதி, பேரேட்டிலும் பதிகிறார். நம்பிக்கை நல்லதுதான், ஆனால் பேரேடு வேறு கைக்குப் போக வேண்டும். அதுவரை சேமிப்புப் புத்தகத்தில் திகதி, தொகை, கையொப்பம் மூன்றையும் சரிபார்க்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

சேர விரும்பினால் அடையாள அட்டைப் பிரதியோடு பின்னேரம் போங்கள். காலையில் எல்லாரும் கரையில்.