யோசெமிட்டி ஆன்சல் ஆடம்ஸ் கேலரி: கேமராவை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

கலிஃபோர்னியாவில் இருக்கும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு இதற்கு முன் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் நேராக டனல் வியூ என்ற காட்சி முனைக்கு வண்டியை விட்டு, ட்ரைபாடை நிறுத்தி, எல் கேப்பிட்டன், ஹாஃப் டோம் என்ற இரண்டு பெரும் பாறைகளும் பிரைடல்வெயில் அருவியும் ஒரே சட்டத்துக்குள் வரும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு திரும்புவேன். இந்த மார்ச் மாதம் வழியெல்லாம் பனி. டயருக்குச் சங்கிலி மாட்டித்தான் போக வேண்டியிருந்தது. மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டதால், வேறு வழியில்லாமல் யோசெமிட்டி வில்லேஜில் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில், யோசெமிட்டியைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்துப் பேர்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் பெயரில் இருக்கும் கேலரிக்குள் நுழைந்தேன். இத்தனை வருடம் அதை நினைவுப் பொருள் விற்கும் கடை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். எவ்வளவு பெரிய தவறு என்று உள்ளே போன பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது.

கடையின் கதையே சுவாரசியமானது. ஹாரி பெஸ்ட் என்ற ஓவியர் 1902-ல் 'பெஸ்ட்ஸ் ஸ்டுடியோ' என்ற பெயரில் தொடங்கியது இது. பியானோ கலைஞராகும் கனவோடு இருந்த இளைஞர் ஆன்சல் ஆடம்ஸ், மலையில் இருக்கும் நாட்களில் சாதகம் செய்ய ஒரு பியானோ தேடிக்கொண்டு இந்த ஸ்டுடியோவுக்கு வந்தார். பெஸ்ட்டின் மகள் வர்ஜினியாவை அப்படித்தான் சந்தித்தார். 1928-ல் இதே ஸ்டுடியோவில் திருமணம். ஹாரி 1936-ல் இறந்தபின் கடை வர்ஜினியாவுக்கு வந்தது. இன்றும் அந்தக் குடும்பத்தார் கையில்தான் இருக்கிறது.

அங்கே நான் மிக அதிக நேரம் நின்றது பிரிண்ட்டுகள் முன்னால். அதைச் சொல்வதற்கு முன், ஹாஃப் டோமை ஆடம்ஸ் எடுத்த 'மோனோலித்' படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1927 ஏப்ரலில், ஆடம்ஸுக்கு 25 வயது, வர்ஜினியாவும் சில நண்பர்களும் கூட வர, ஹாஃப் டோமின் தோளில் இருக்கும் டைவிங் போர்டு என்ற பாறை விளிம்புக்கு ஏறினார். பள்ளத்தாக்கிலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், ஏறும் வழியெல்லாம் பனி, முதுகில் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் ட்ரைபாடுமாக 18 கிலோவுக்குக் குறையாத சுமை. கொண்டுபோனது 12 தகடு, ஒரு தகட்டுக்கு ஒரு படம். வழியிலேயே பெரும்பாலானவை தீர்ந்து, உச்சியில் ஹாஃப் டோமின் முகத்தில் வெயில் திரும்பும் நேரத்தில் கையில் இருந்தது இரண்டு. முதல் தகட்டில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த உடனே மனசுக்குள் நெருடல். வானம் வெளிறிப்போய், அந்தப் பாறை தனக்குள் உண்டாக்கிய திகைப்பு படத்தில் வராது என்று தெரிந்துவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டர், ஐந்து விநாடி எக்ஸ்போஷர். நீல வானத்தின் ஒளியைச் சிவப்பு ஃபில்டர் தடுத்துவிட, வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறை முன்னால் எழுந்து நிற்கிறது. கண் பார்ப்பதை விட்டுவிட்டு, படம் எப்படி வர வேண்டும் என்பதை முதலில் மனசில் பார்த்து, அதற்கேற்ப எடுப்பது என்ற அவருடைய வழி அந்த மலையில்தான் அவருக்குப் பிடிபட்டது. இன்று நாம் நூறு ஷாட் எடுத்து வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறோம். மிச்சம் ஒரே தகடு என்றால் எப்படி யோசிப்போம் என்று அங்கே நின்று நினைத்துப் பார்த்தேன்.

சரி, பிரிண்ட் விஷயம். இந்தக் கேலரியில் 'யோசெமிட்டி ஸ்பெஷல் எடிஷன்' என்று ஒரு வரிசை உண்டு. 8-க்கு 10 அங்குலம், ஆடம்ஸின் ஒரிஜினல் நெகட்டிவிலிருந்தே டார்க்ரூமில் கையால் போடப்படுபவை. ஆடம்ஸின் உதவியாளராக இருந்த ஆலன் ராஸ் 1975 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறார். எந்த இடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைப்பது, எந்த மூலையில் கூடுதல் விநாடி விடுவது என்பதெல்லாம் ஒவ்வொரு பிரிண்டுக்கும் கையால் நடக்கிறது. மெர்செட் ஆற்றில் ஹாஃப் டோம் தெரியும் அந்தப் பனிக்காலப் படத்தை நான் கம்ப்யூட்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாளில் பார்த்தபோது வேறு படம் மாதிரி இருந்தது. நிழலில் இருக்கும் மரங்களுக்குள் கிளை கிளையாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. பனி வெள்ளையில் ஒரு இடம்கூட வெறும் தாளாக வெளுக்கவில்லை, எங்கே பார்த்தாலும் ஒரு சொரசொரப்பு இருக்கிறது. அரை அடி தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பார்த்தேன்.

நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் ஆடம்ஸ். பியானோ படித்தவர் அல்லவா, அப்படித்தான் தோன்றியிருக்கும். 1941-ல் நிலா எழும் காட்சியை அவர் எடுத்த 'மூன்ரைஸ்' படத்தையே பாருங்கள். ஆரம்ப காலப் பிரிண்ட்டுகளில் வானத்தில் மேகக் கீற்று தெரியும், பிற்காலத்தில் அவரே போட்டவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றுதான். ஒரே கீர்த்தனையை ஒரு பாடகர் இருபது வயதில் பாடியதையும் அறுபதில் பாடியதையும் கேட்கிற மாதிரி.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், போன வருடம் எங்கள் ஊர் நூலகச் சுவரில் 12 படம் வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்தினேன். சியரா மலைகளில் கூடாரம் போட்டுத் தங்கி, விடியலுக்கு முன் எழுந்து எடுத்த படங்கள். ஆன்லைனில் ஒரு லேபில் கொடுத்தேன், வந்த பிரிண்ட் எல்லாம் இருண்டு கிடந்தது. திரையின் பிரகாசத்தை முழுக்க ஏற்றி வைத்து எடிட் செய்ததில் என் பங்கும் இருக்கிறது, ஆனால் லேபிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது வருத்தப்பட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்தக் கேலரியிலிருந்து வந்தபின் திரையின் பிரகாசத்தைக் குறைத்து, ஒவ்வொரு படத்துக்கும் சின்ன அளவில் மூன்று சோதனைப் பிரிண்ட் போட்டு, படம் தொங்கப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்து, நாலு படத்தைத் திரும்பப் போட்டிருக்கிறேன். இப்போதுதான் அந்த விடியல் விடியல் மாதிரி இருக்கிறது.

அப்புறம், கேமரா வாக். வாரத்தில் சில நாட்கள் கேலரியே இலவசமாக நடத்துகிறது, முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், ஒரு குழுவில் கொஞ்சம் பேரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். எங்களை அழைத்துப்போனவர் ஒரு புல்வெளி ஓரத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் யாரும் கேமராவைத் தொடக் கூடாது என்றார். வெளிச்சம் எந்தப் பக்கம் நகர்கிறது, மூடுபனி எந்த மரத்தடியில் முதலில் விலகுகிறது, அதை மட்டும் பாருங்கள் என்றார். போனில் எடுப்பவர்களுக்கும் அதே பொறுமையோடு சொல்லிக்கொடுத்தார். நான் காசு கொடுத்துப் போன சில பயிற்சிகளில்கூட இவ்வளவு கிடைத்ததில்லை.

இன்றைய ஒளிப்படக் கலைஞர்களின் படங்களையும் சுவரில் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அது சரியான காரியம், ஏனென்றால் இந்தப் பள்ளத்தாக்கு இன்று இப்படி இருப்பதிலேயே கண்காட்சிகளுக்கு ஒரு பங்கு உண்டு. கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர் 1861-ல் கோவேறு கழுதைகள் மேல் சுமையேற்றி வந்து, 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் எடுத்த படங்கள் 1862-ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே இராத கிழக்குக் கரை மக்கள் பார்த்து வியந்தார்கள். 1864-ல் லிங்கன் கையெழுத்துப் போட்டு இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. ஆடம்ஸும் அதே வழியில் 1936-ல் தன் படங்களை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் போய், கலிஃபோர்னியாவின் இன்னொரு மலைப்பகுதியான கிங்ஸ் கேன்யனைப் பாதுகாக்கச் சொல்லிப் பேசினார். 1940-ல் அது தேசியப் பூங்காவானது. 1955-ல் எழுத்தாளர் நான்சி நியூஹாலோடு சேர்ந்து இயற்கைப் பாதுகாப்புக்காக ஒரு பெரிய கண்காட்சியை யோசெமிட்டியிலேயே வைத்தார், அது பிறகு பல ஊர்களுக்குப் பயணம் போனது.

விலை விவரம்: உள்ளே போய்ப் பார்ப்பதற்குக் காசு கிடையாது. நான் போனபோது பூங்கா நுழைவுக் கட்டணம் கார் ஒன்றுக்கு 35 டாலர். ஸ்பெஷல் எடிஷன் சில நூறு டாலர். ஆடம்ஸே கையால் போட்ட பிரிண்ட்டுகள் வேறு உலகம், அவை ஆயிரக்கணக்கில். நான் வாங்கியது அந்த ஆற்றுப் படம்தான், ஒரு லென்ஸ் வாங்க வைத்திருந்த காசில். வாங்க முடியாதவர்களுக்குப் போஸ்டர், வாழ்த்து அட்டை எல்லாம் உண்டு, ஆனால் அவற்றை வாங்கும் முன் ஒரிஜினல் பிரிண்ட் பக்கம் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

போகிறவர்கள் காலையில் திறந்த கையோடு போங்கள், மதியத்துக்கு மேல் கூட்டம். காரை ஒரு இடத்தில் விட்டுவிட்டு பள்ளத்தாக்குக்குள் ஓடும் இலவச பஸ்ஸில் வரலாம். அன்று சாயங்காலம் மேகம் விலகியபோது நான் டனல் வியூவில் இருந்தேன். எடுத்தது மூன்றே படம். ஒன்றை நூலகச் சுவரில் பதின்மூன்றாவதாக மாட்டப் போகிறேன்.