ஷெர்மன் கிளேயில் வாங்கிய பாஸ்டன் பியானோ: கடை இருந்தபோதும் மூடிய பின்னும்

சான் பிரான்சிஸ்கோ மிஷன் தெருவில் இருந்த ஷெர்மன் கிளே பியானோக் கடையில் 2008ஆம் ஆண்டு வாங்கிய பாஸ்டன் யுபி-118 அப்ரைட் (செங்குத்தாக நிற்கும்) பியானோ, 15 ஆண்டுகளைக் கடந்தும் எங்கள் வீட்டில் அன்றாடம் ஒலிக்கிறது. 1870இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனமோ 2013இல் தன் கடைகளை மூடிவிட்டது. கடையின் துணையோடு ஐந்து ஆண்டுகளும், அது இல்லாமல் அதைவிட நீண்ட காலமும் இந்தப் பியானோவைப் பராமரித்திருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு காலத்தின் வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன்.

பாஸ்டன் என்பது ஸ்டெயின்வே நிறுவனம் வடிவமைத்து, ஜப்பானின் கவாய் நிறுவனம் தயாரித்துத் தரும் பியானோ. 118 செ.மீ. உயரத்துக்கு அதன் கீழ்ஸ்தாயி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஆனால் மேல்ஸ்தாயியில் நான்கைந்து கட்டைகள் காதைக் குத்துவதுபோல் ஒலிப்பதாக, அப்போது எட்டு வயதான என் மகள் கடையிலேயே சொன்னாள். அங்கிருந்த தொழில்நுட்பர் சிரிக்கவில்லை. முன்பலகையைக் கழற்றி, அந்தக் கட்டைகளுக்கான கம்பிகளை அடிக்கும் சுத்தியல்களின் கம்பளி உறையில் ஊசியால் மூன்று நான்கு முறை குத்தினார், கட்டையை அழுத்திக் கேட்டார், மறுபடியும் இலேசாகக் குத்தினார். இறுகியிருந்த கம்பளி தளர்ந்ததும் ஒலி உருண்டு வந்தது. "இப்போது எப்படி இருக்கிறது?" என்று அவர் அவளிடம்தான் கேட்டார், எங்களிடம் அல்ல. அந்தப் பியானோவையே வாங்குவதென்று அங்கேயே முடிவாகிவிட்டது.

முதல் ஆண்டில் நான்கு முறை சுருதி சேர்க்க வேண்டும் என்று கடையில் வலியுறுத்தினார்கள். ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள் உள்ளன. அவற்றின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். புதுக் கம்பிகள் நீண்டுகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது காற்று உலர்ந்து, கம்பிகளின் ஒலியைப் பெருக்கும் நாதப்பலகை சுருங்கி, சுருதி இறங்கும். இதையெல்லாம் நினைவில் வைத்துக் கடையிலிருந்தே தொலைபேசியில் அழைத்து நாள் குறித்ததால், அது எங்கள் பொறுப்பு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

கடையை மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒரு முறை போய்வந்தோம். பாதி காலியான தளத்தில் என் மகள் ஒவ்வொரு பியானோவிலும் ஒரே மெட்டை வாசித்துவிட்டு வந்தாள். அமெரிக்காவில் 1909இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பியானோக்கள் விற்றன. இன்றைய புதுப் பியானோ விற்பனை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். டிஜிட்டல் பியானோக்களும், பழைய பியானோவை இலவசமாகவே கொடுக்க முன்வரும் வீடுகளும் பெருகிய காலத்தில், பெரிய தளத்துக்கு வாடகை கொடுத்து இந்த வியாபாரத்தை நடத்துவது கடினம் என்பது புரிகிறது. புரிந்தாலும் மனம் ஆறவில்லை.

அதன்பின் அழைப்பு வரவில்லை. நாங்களும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டோம். சுருதி நன்றாகவே இறங்கிப்போயிருந்தது. ஒரே அமர்வில் அதை நிலைநிறுத்த முடியாது. முதலில் எல்லாக் கம்பிகளையும் பொதுவாக ஏற்றிவிட்டு, பிறகு நுணுக்கமாகச் சேர்க்க வேண்டும். அப்படி ஏற்றும்போது மேல்ஸ்தாயியில் ஒரு கம்பி அறுந்தது. அந்த வேலையைச் செய்தவர், அன்று ஊசியால் குத்திய அதே தொழில்நுட்பர். கடை மூடிய பின் தனியாகத் தொழில் செய்துவந்தவரை எங்கள் பியானோ ஆசிரியை வழியாகத் தேடிப் பிடித்தோம். அவர் சொன்னபடி உள்ளே ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் கருவியைப் பொருத்திய பிறகு, ஆண்டுக்கு இரண்டு முறை சுருதி சேர்த்தாலே போதுமானதாக இருக்கிறது.

பியானோவைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சுத்தியல்களில் கம்பி பதிந்த தடங்கள் ஆழமாகிவிட்டன. அடுத்த ஆண்டு அவற்றைத் தேய்த்துச் சீராக்க வேண்டும். வாங்குபவர்கள் கடையின் பெயரோடு, சுருதி சேர்க்க வருபவரின் தொலைபேசி எண்ணையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் பியானோவின் மேல்மூடியைத் திறந்தால், உட்பக்கப் பலகையில் ஒவ்வொரு முறையும் அவர் பென்சிலால் எழுதிய தேதிகள் வரிசையாகத் தெரியும். 2013க்கும் 2015க்கும் நடுவே மட்டும் ஒன்றும் இல்லை.