மீன்தொட்டி உப்பு: சரக்கு நல்லது, லேபிள்தான் மோசம்

மீன்தொட்டிக்கென்றே தனியாக உப்பு விற்கிறார்கள். அட்டைப் பெட்டியின் மேல் ஓர் ஏஞ்சல் மீன் படம், உள்ளே பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு சின்னக் கரண்டி. உட்பொருள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான்: சோடியம் குளோரைடு. அதாவது சமையலறையில் இருக்கும் அதே பொருள்தான். கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் அயோடினும் மட்டும் இதில் இல்லை. சமையல் உப்பில் இருக்கும் அயோடின் மீனைக் கொன்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த அளவு மிகச் சொற்பம். அதற்காக நடுங்க வேண்டியதில்லை.

வெண்புள்ளி நோய் வந்ததால்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். என் தொட்டியில் நியான் டெட்ரா, கோரிடோராஸ், மோலி ஆகிய மீன்களும் நத்தைகளும் உண்டு. பின்பக்கம் முழுவதும் வேலிஸ்னேரியா செடி. இப்படிப் பல இனம் கலந்த தொட்டியில் ஒரு மருந்தைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியம் அல்ல. தாமிரம் கலந்த மருந்தை ஊற்றினால் நத்தைகள் அத்தனையும் போய்விடும். மாலகைட் பச்சை கலந்த மருந்து சிலிக்கான் ஓரங்களில் கறையாகத் தங்கிவிடும். அதனால் உப்பில் தொடங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பரல்கள் சுத்தமானவை. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலங்கலும் இல்லை, அடியில் வண்டலும் இல்லை. கரண்டியைத்தான் நம்ப முடியவில்லை. சமையலறைத் தராசில் நிறுத்தபோது தட்டையாக அள்ளினால் 5 கிராம், குவித்து அள்ளினால் ஏறக்குறைய 8 கிராம். லேபிளோ ‘ஒரு கரண்டி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. தட்டையா, குவித்தா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

அளவிலும் அதே அலட்சியம். தொட்டியின் கொள்ளளவுக்கு உப்புப் போடச் சொல்கிறார்கள். 80 லிட்டர் தொட்டி என்றாலும் கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக என் தொட்டியில் 68 லிட்டர்தான் தண்ணீர் இருக்கிறது. லிட்டருக்கு 2 கிராம் என்று வைத்து 136 கிராமை நிறுத்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு நாட்களில் பிரித்துப் பிரித்து ஊற்றினேன். மோலிக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல. கோரிடோராஸ்மேல்தான் கண்ணாக இருந்தேன். அவை வழக்கம்போல மணலைக் கிளறிக்கொண்டிருந்தன.

லேபிள் சொல்லாமல் விட்ட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. மீன் மேல் தெரியும் வெள்ளைப் புள்ளியை உப்பு ஒன்றும் செய்யாது. இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி அங்கே தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. கொழுத்த பிறகு மீனை விட்டு உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு, ஓர் உறைக்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் நீந்தி வந்து ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். உப்பின் பிடிக்கு அவை சிக்குவது அந்த ஒரு கட்டத்தில்தான். இதைத் தெரிந்துகொள்ளாதவர், உப்புப் போட்ட மறுநாள் புள்ளிகள் கூடுவதைக் கண்டு மருந்து பலிக்கவில்லை என்று வேறொன்றை ஊற்றுவார். புள்ளிகள் மறைந்ததும் எல்லாம் முடிந்தது என்று தண்ணீரை மாற்றிவிடுவார். இரண்டுமே தப்பு. தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் ஒட்டுண்ணியின் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடியும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டரை 28 டிகிரிக்கு ஏற்றி, சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டேன். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் உப்பை எடுக்க அவசரப்படவில்லை. என் மீன்கள் தேறிவிட்டன.

வேலிஸ்னேரியாவையும் நத்தைகளையும் முன்பே ஒரு வாளிக்கு மாற்றியிருந்தேன். ‘எல்லா நன்னீர்த் தொட்டிகளுக்கும் பாதுகாப்பானது’ என்று பெட்டி சத்தியம் செய்தாலும், பல செடிகள் உப்பைத் தாங்குவதில்லை. வாளிக்குப் போன செடியோடு உறைகளும் போயிருக்கலாம். மீனே இல்லாத தண்ணீரில் சில வாரம் கிடந்தால் குஞ்சுகள் இரை கிடைக்காமல் தாமே அழிந்துவிடும்.

என்னை உண்மையில் எரிச்சலூட்டியது ‘தினசரி டானிக்’ என்ற வரி. ‘தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சேர்க்கவும்’ என்றும் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீருக்கு? தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு முறையும் கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு முழுத் தொட்டிக்கும் அளந்து போட்டால், அளவு ஏறி ஏறிக் கடைசியில் நான்கு மடங்கை எட்டும். மாற்றிய தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு. ஆவியானதை ஈடுகட்ட ஊற்றுவது வெறும் தண்ணீர். இந்த ஒரு வரியை அச்சிட இடமா இல்லை? அத்தனை பெரிய மீன் படத்துக்கு இடம் இருக்கிறது!

டானிக் என்பதிலும் பெரிய சரக்கில்லை. நன்னீர் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே வருகிறது, சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றுகிறது. செவுளோ தோலோ புண்பட்ட மீனுக்கு இது பெரும் பாரம். கொஞ்சம் உப்பு அதைக் குறைக்கும். நல்ல நிலையில் இருக்கும் மீனோ பிறந்ததிலிருந்தே அந்த வேலைக்குப் பழகியது.

மாறாக, பெட்டியில் ஒரு வார்த்தைகூட இல்லாத நல்ல பயன் ஒன்று இருக்கிறது. புதுத் தொட்டியில் மீன் கழிவைச் சிதைக்கும் வடிகட்டியின் பாக்டீரியா நிலைபெறாதபோது நைட்ரைட் என்ற நச்சு ஏறும். அது குளோரைடு நுழையும் அதே பாதையில் செவுளுக்குள் புகுந்து ரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும். தண்ணீரில் குளோரைடு மிகுந்திருந்தால் நைட்ரைட்டுக்கு அங்கே இடம் கிடைக்காது. அதற்கு லிட்டருக்கு அரை கிராம்கூட வேண்டாம். எந்தச் செடியையும் வாளிக்கு மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் வடிகட்டியில் ஜியோலைட் (அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் கனிமம்) வைத்திருப்பவர்கள் முதலில் அதை எடுத்துவிட வேண்டும். உப்பு பட்டால் அது பிடித்துவைத்த அம்மோனியாவைத் திரும்ப உமிழ்ந்துவிடும்.

‘பூஞ்சை, செதில் வீக்கம் அனைத்துக்கும்’ என்ற வாசகத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். வாயோரத்தில் பஞ்சுபோலத் தெரிவது பல வேளைகளில் பூஞ்சையே அல்ல, பாக்டீரியா; அதைத் தனித்தொட்டியில் வைத்து அதற்குரிய மருந்தால்தான் பார்க்க வேண்டும். வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்கும் மீனுக்குச் சிலர் போடுவது எப்சம் உப்பு. அது மெக்னீசியம் சல்பேட். இந்தப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் உள்ளே இருக்கும் உப்புக்கு. தீர்ந்ததும் இதையே வாங்குவேனா என்றால், மாட்டேன். வேறெதுவும் கலக்காத சாதாரண உப்பும் ஒரு தராசும் போதும். கரண்டியை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மீன் தீனி அள்ள வசதியாக இருக்கிறது.